லைன் லாக்: முன் பிரேக்கை மட்டும் பிடித்து வைக்கும் சோலினாய்டை வீட்டில் பொருத்துவது

டிராக் ரேஸ் என்பது வழக்கமாகக் கால் மைல் தூரத்தை, அதாவது சுமார் 402 மீட்டரை, நேர்கோட்டில் ஓடி முடிக்கும் பந்தயம். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த விளையாட்டு. அங்கே பந்தயம் தொடங்குமுன் ஒவ்வொரு காரும் நின்ற இடத்திலேயே பின் டயரைச் சுழற்றிப் புகை கிளப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது வேடிக்கைக்காக மட்டும் செய்வதல்ல. பந்தய டயரின் ரப்பர் சூடேறினால்தான் தரையோடு நன்றாக ஒட்டும். டயரில் ஒட்டிய மணலும் தூசியும் அந்தச் சுழற்சியிலேயே போய்விடும்.

பின் டயர் சுழல வேண்டும், கார் நகரக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமென்றால் முன் சக்கரம் பிரேக்கில் இருக்க வேண்டும், பின் சக்கரம் பிரேக் இல்லாமல் இருக்க வேண்டும். பிரேக் பெடலை மிதித்தால் நான்கு சக்கரமும் பிடிக்கும்; பெடலை விட்டால் நான்கும் விடும். இடையில் ஒன்று வேண்டும் என்பதற்காக வந்ததுதான் லைன் லாக். இதை ரோல் கண்ட்ரோல் என்றும் சொல்வார்கள். ஹர்ஸ்ட் நிறுவனம் அந்தப் பெயரில்தான் விற்கிறது.

உள்ளே இருப்பது மிக எளிய பொருள். முன் பிரேக்குக்குப் போகும் பைப்பின் நடுவில் ஒரு வால்வு, அதை இயக்க ஒரு மின்காந்தச் சுருள். இரண்டும் சேர்ந்த பொருளைத்தான் சோலினாய்டு என்கிறோம். மின்சாரம் இல்லாதபோது வால்வு திறந்தே கிடக்கும். பிரேக் ஆயில் தடையின்றிப் போய்வரும், கார் வழக்கம்போல் நிற்கும். பெடலை அழுத்தமாக மிதித்து, மிதித்தபடியே பட்டனை அழுத்தினால் வால்வு மூடிக்கொள்ளும். இப்போது பெடலிலிருந்து காலை எடுத்தால் பின் பிரேக்கின் அழுத்தம் இறங்கிவிடும். முன் பிரேக்கில் இருந்த அழுத்தம் மட்டும் வால்வுக்கு அந்தப் பக்கம் சிக்கி நிற்கும். பட்டனை விட்டதும் அதுவும் விடுபடும்.

சோலினாய்டு தானாக எந்த அழுத்தத்தையும் உண்டாக்குவதில்லை. உங்கள் கால் கொடுத்த அழுத்தத்தைப் பூட்டி வைக்கிறது, அவ்வளவுதான். லைசாக மிதித்துவிட்டுப் பட்டனை அழுத்தினால் லைசாகத்தான் பிடிக்கும். "சோலினாய்டு பிடிக்கவில்லை" என்று வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் கால் அழுத்தம் போதாத புகார்களே.

எந்தக் காருக்கு ஒத்துவரும்

பின் சக்கர டிரைவ், ஏபிஎஸ் இல்லாத கார், முன் பிரேக் ஒரு சுற்று, பின் பிரேக் இன்னொரு சுற்று என்று பிரிந்த ஹைட்ராலிக்ஸ். இந்த மூன்றும் இருந்தால் வீட்டில் செய்யக்கூடிய வேலை. 1967க்குப் பிறகு வந்த பெரும்பாலான பழைய அமெரிக்க கார்கள், கமாரோ, செவெல், நோவா போன்றவை, இந்த வகைதான். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) காரை மனதில் வைத்தே எழுதப்படுகிறது.

முன் சக்கர டிரைவ் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் சுற்று குறுக்காகப் பிரிந்திருக்கும்: இடது முன்னும் வலது பின்னும் ஒரு சுற்று, வலது முன்னும் இடது பின்னும் இன்னொன்று. பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் பைப்பில் ஒரு சோலினாய்டை வைத்தால் ஒரு முன் சக்கரமும் எதிர்மூலைப் பின் சக்கரமும் பூட்டிக்கொள்ளும், எதற்கும் உதவாது. நம்மூரில் ஓடும் சிறிய ஹேட்ச்பேக்குகள் பெரும்பாலும் இந்த வகையே. அவற்றுக்கு லைன் லாக் தேவையும் இல்லை: சுழல்வது முன் டயர், பின் சக்கரத்தைப் பிடித்து வைக்க ஹேண்ட் பிரேக் ஏற்கெனவே இருக்கிறது.

ஏபிஎஸ் உள்ள காரில் இந்த வேலையைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். ஏபிஎஸ் யூனிட்டிலிருந்து ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் தனித்தனி பைப் போகும். இரண்டையும் ஒரே சோலினாய்டில் சேர்த்தால் சக்கரத்துக்குச் சக்கரம் தனியாக அழுத்தம் கூட்டிக் குறைக்கும் அதன் வேலையே கெட்டுவிடும். புதிய கார்களில் இதே வசதியை அந்த யூனிட்டின் உள்ளே இருக்கும் வால்வுகளைக் கொண்டே மென்பொருள் மூலம் செய்துவிடுகிறார்கள். 2015 ஃபோர்ட் மஸ்டாங் ஜிடி அப்படித்தான் கம்பெனியிலிருந்தே லைன் லாக்கோடு வந்தது. அதிகபட்சம் 15 வினாடி பிடித்துவிட்டுத் தானாக விட்டுவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். இது ஹேண்ட் பிரேக் அல்ல. மேட்டில் நிறுத்தவும் கூடாது, காருக்கடியில் படுத்து வேலை செய்யும்போது நம்பவும் கூடாது, திருட்டுத் தடுப்பாகவும் வைக்கக் கூடாது. சுருள் சூடானாலோ, ஃபியூஸ் போனாலோ, பேட்டரி இறங்கினாலோ அந்த நொடியே விட்டுவிடும். பந்தயத் திடலுக்கு வெளியே பொதுச் சாலையில் டயர் சுழற்றுவது எந்த நாட்டிலும் வம்புதான். இந்தியாவில் பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதையே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

பைப்பை எங்கே பிரிப்பது

இந்த வேலையில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். வயரிங்கைப் பற்றித்தான் பலரும் பதற்றப்படுவார்கள். ஆனால் வயர் வேலையில் தவறினால் லைன் லாக் வேலை செய்யாது. பைப் வேலையில் தவறினால் பிரேக் வேலை செய்யாது. காரை நிறுத்தும் பாரத்தில் பெரும்பகுதியைச் சுமப்பது முன் பிரேக். அதன் பைப்பைத்தான் பிரிக்கப் போகிறீர்கள்.

மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு வெளிவழி இருக்கும். முன்னால் இருப்பது முன் பிரேக்குக்குத்தான் என்று ஊகிக்கக் கூடாது. காருக்குக் கார் மாறும். பைப்பைக் கையால் தொட்டு, அது எந்தச் சக்கரத்தில் போய் முடிகிறது என்று கடைசிவரை பின்தொடருங்கள். இரண்டு பைப்பும் கீழே ஒரு பித்தளைக் கட்டைக்குள் போகும். முன் டிஸ்க், பின் டிரம் உள்ள பல கார்களில் அது காம்பினேஷன் வால்வு: டிஸ்க்கைச் சற்றுத் தாமதமாகப் பிடிக்க வைப்பது, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைப்பது, ஒரு சுற்றில் அழுத்தம் போனால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கை எரிய வைப்பது என மூன்று வேலையும் அதன் உள்ளே நடக்கும்.

மாஸ்டர் சிலிண்டருக்கும் இந்தக் கட்டைக்கும் நடுவே சோலினாய்டை வைப்பது பார்க்கச் சுலபம். ஒரு பைப்பைக் கழற்றினால் போதும், ஒரு வழி உள்ளே, ஒரு வழி வெளியே. ஆனால் லைன் லாக்கைப் போட்டுப் பெடலை விட்டதும் கட்டையின் முன்பக்கத்தில் முழு அழுத்தம், பின்பக்கத்தில் பூஜ்யம். உள்ளே இருக்கும் சிறிய பிஸ்டன் "பின் பிரேக் போய்விட்டது" என்று நினைத்து ஓரத்துக்கு நகர்ந்துகொள்ளும், சிவப்பு விளக்கு எரியும். சில வேளை அங்கேயே சிக்கியும் கொள்ளும். சில வடிவங்களில் அந்தப் பிஸ்டன் நகர்ந்தால் பின் பிரேக்கின் அழுத்தக் குறைப்பும் சேர்ந்தே மாறிவிடும்.

அதனால் காம்பினேஷன் வால்வு உள்ள காரில் சோலினாய்டை அதற்குப் பிறகு வைப்பதே சரி. கட்டையிலிருந்து இரண்டு முன் சக்கரங்களுக்கும் தனித்தனி வெளிவழி இருந்தால், ஒன்றைச் சரியான பிளக்கால் அடைத்துவிடுங்கள். மற்றதிலிருந்து ஒரு புதிய பைப் சோலினாய்டின் உள்வழிக்கு. சோலினாய்டிலிருந்து இடது, வலது முன் சக்கரங்களுக்கு இரண்டு பைப். உங்கள் சோலினாய்டில் ஒரே ஒரு வெளிவழி இருந்தால் அதையடுத்து, பிரேக் பைப்புக்கென்றே வரும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) பொருத்திப் பிரித்துக்கொள்ளலாம். அடைப்பதற்கு முன் இரண்டு வெளிவழிகளின் மரையையும் அளந்து பாருங்கள்: 3/16 அங்குலப் பைப்புக்கு வழக்கமான நட்டு 3/8-24 (3/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை) என்றாலும், தவறான பைப்பை யாரும் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றை 7/16-24 என்று வேண்டுமென்றே மாற்றி வைத்திருப்பதுண்டு.

வாங்க வேண்டியவை

சோலினாய்டு கிட்டில் பொதுவாக வால்வு, பட்டன், கொஞ்சம் வயர் இருக்கும். அதன் துளைகள் எந்த மரை என்று பெட்டியைத் திறந்ததும் பாருங்கள். 1/8 அங்குல என்பிடி (அமெரிக்கச் சாய்வுக் குழாய்) மரையானால் அதிலிருந்து பிளேர் நட்டுக்கு, அதாவது முனையை விரித்து மடித்த பைப்பை இறுக்கும் நட்டுக்கு, மாற்றும் அடாப்டர் ஒவ்வொரு துளைக்கும் ஒன்று வேண்டும். பைப்புக்கு 3/16 அங்குலம், அதாவது 4.76 மில்லிமீட்டர், நிக்கல்-செம்புக் கலவைப் பைப் வாங்குங்கள். இரும்பைவிட வளைக்கவும் பிளேர் போடவும் எளிது, துருவும் பிடிக்காது. வேலைக்குத் தேவைப்படுவது ஒன்றரை மீட்டருக்குள்தான். இரண்டு மடங்கு வாங்கினால் பழகிப் பார்க்கவும் கெடுத்துப் போடவும் மிச்சம் இருக்கும். ஏசி, ஃபிரிட்ஜ் வேலைக்கு விற்கும் வெறும் செம்புக் குழாயைப் பிரேக்கில் போடவே கூடாது. அதிர்வில் இறுகி, ஒருநாள் கழுத்தில் விரிசல் விடும். அதேபோல, வளையத்தை நசுக்கி இறுக்கும் கம்ப்ரஷன் இணைப்புகளும் பிரேக் அழுத்தத்துக்கு ஆனவை அல்ல.

பிளேர் நட்டு ஏழெட்டு, டபுள் பிளேர் போடும் கருவி, பைப் கட்டர், சிறிய பைப் வளைப்பான், பிளேர் நட்டு ஸ்பேனர் 3/8, 7/16 அளவுகளில். சாதாரண ஸ்பேனர் பழைய நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். மூலை மழுங்கிய நட்டைக் கழற்றப் பைப்பையே வெட்ட வேண்டியதாகும்.

பிரேக் ஆயில் டாட் 3 அல்லது டாட் 4, மாஸ்டர் சிலிண்டர் மூடியின் மேல் எழுதியிருப்பதன்படி, அரை லிட்டர் புட்டி இரண்டு. புதிதாகத் திறந்ததாக இருக்கட்டும். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்: புதிய டாட் 3க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியதற்கு 140 மட்டுமே. போன வருடம் திறந்து அலமாரியில் கிடந்த புட்டி வேண்டாம். ஊதா நிற டாட் 5 சிலிகான் வகை, இவற்றோடு சேராது. பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் உரிந்துவிடும்.

பிளேர் போடுவது

பழைய பைப்பை வெட்டி நடுவில் சோலினாய்டைச் செருகுவதைவிட, பழைய பைப்பை முழுதாகக் கழற்றி எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகச் செய்வது நல்லது. நாளை காரை விற்கும்போது பழையதை அப்படியே மாட்டிவிடலாம். பழைய இரும்புப் பைப்பில் பிளேர் போடப் போனால் அது பெரும்பாலும் வெடிக்கும்.

கட்டரால் வெட்டுங்கள், ஆக்ஸா பிளேடால் அல்ல. பிளேடு முனையைச் சாய்வாக விட்டுவிடும், தூளையும் உள்ளே தள்ளும். வெட்டிய பிறகு உள் விளிம்பின் பிசிறைச் சுரண்டி எடுத்து, வெளி விளிம்பை அரத்தால் லேசாகச் சாய்த்து, பைப்பின் உள்ளே காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு நட்டைப் பைப்பில் மாட்டுங்கள். ஆம், பிளேர் போடுவதற்கு முன். அழகான பிளேர் போட்டு முடித்துப் பார்த்தால் நட்டு மேசைமேல் கிடக்கும். இந்த வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடப்பது.

பைப்பைக் கருவியின் கட்டையில் இறுக்கும்போது, கருவியோடு வரும் அடாப்டரின் முதல் படி எவ்வளவு உயரமோ அவ்வளவு மட்டும் பைப் வெளியே நீட்டியிருக்க வேண்டும். அதிகம் நீட்டினால் பிளேர் கோணலாகும், குறைந்தால் உதடு போதாது. அடாப்டரில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவி அழுத்தினால் முனை குமிழ்போல உள்மடியும். அடாப்டரை எடுத்துவிட்டுக் கூம்பால் அழுத்தினால் மடிந்த உதடு இரட்டைச் சுவராகி 45 டிகிரி சாய்வில் அமரும். இதுதான் அமெரிக்க கார்களுக்கான டபுள் பிளேர். முதல் படியோடு நிறுத்தினால் வருவது குமிழ் பிளேர் போலத் தெரியும், அது பல ஐரோப்பிய கார்களுக்கான வேறொரு வகை. அதற்கு இருக்கையும் வேறு, மரையும் பெரும்பாலும் எம்10. ஒன்றுக்கு மற்றதை மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்.

முடிந்த பிளேரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வட்டம் நடுவில் இருக்க வேண்டும், ஓரத்தில் முடிபோன்ற கீறல்கூட இருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடுங்கள். உபரிப் பைப்பில் நான்கைந்து பழகிய பிறகு காருக்கானதைப் போடுவது உத்தமம்.

சோலினாய்டை அமர்த்துவது

மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே, சேஸிஸ் சட்டத்திலோ உள் ஃபெண்டரிலோ ஒரு தகட்டு பிராக்கெட் வைத்து இரண்டு போல்ட்டில் இறுக்குங்கள். சோலினாய்டின் எடை பைப்பில் தொங்கக் கூடாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். முடியாவிட்டால் நடுவே வெப்பத் தகடு வையுங்கள். வெப்பம் ஆயிலையும் கெடுக்கும், சுருளையும் பலவீனமாக்கும்.

முதல் தலைமுறை கமாரோ போன்ற கார்களில் மாஸ்டர் சிலிண்டர் இருப்பது பாடியில், பித்தளைக் கட்டை இருப்பது ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்த முன் சட்டத்தில். ஓட்டத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று அசையும். கம்பெனிப் பைப்பில் இடையே சுருள் சுருளாக வளைத்திருப்பது அழகுக்கு அல்ல, அந்த அசைவைத் தாங்கத்தான். சோலினாய்டைக் கட்டை இருக்கும் அதே சட்டத்தில் அமர்த்தினால் இந்தக் கவலை இல்லை. பாடியில்தான் இடம் இருக்கிறது என்றால் புதிய பைப்பிலும் ஒரு முழுச் சுற்றாவது போடுங்கள்.

வால்வின் உள்வழி, வெளிவழி மாறக் கூடாது. உடம்பில் குறியிருக்கும். சக்கரத்தின் பக்கம் சிக்கிய அழுத்தம் வால்வை அதன் இருக்கையில் மேலும் அழுத்திப் பிடிக்கும்படி செய்யப்பட்ட பொருள் இது. மாற்றி மாட்டினால் அதே அழுத்தம் வால்வைத் திறக்கப் பார்க்கும். சில வினாடியில் நழுவும்.

என்பிடி மரை சாய்வானது, அதற்கு மட்டும் பிரேக் ஆயிலைத் தாங்கும் திரவ சீலண்ட் தடவ வேண்டும், முதல் ஒன்றிரண்டு மரையை விட்டுவிட்டு. பிளம்பர் வெள்ளை டேப் வேண்டாம்: அதன் நூல் பிய்ந்து உள்ளே போய் வால்வு இருக்கையில் சிக்கினால் லைன் லாக் பிடிக்காது; சிறு துளையில் அடைத்தால் பிரேக்கே விடாது. பிளேர் நட்டுக்கு எந்த சீலண்டும் தேவையில்லை, உலோகத்தோடு உலோகம் அமர்வதுதான் அதன் அடைப்பு. எல்லா நட்டையும் முதலில் விரலால் நான்கைந்து சுற்று ஏற்றிவிட்டுப் பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள். விரலால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. 3/8-24 நட்டுக்குச் சுமார் 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் போதும். உங்கள் காரின் வொர்க்‌ஷாப் கையேடு வேறு சொன்னால் அதுவே இறுதி.

பைப்பைக் கழற்றியதும் திறந்த முனைகளுக்கு ரப்பர் மூடி போட்டுவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் முழுதாக வடிந்து காலியானால் உள்ளே புகுந்த காற்றை எடுக்கும் வேலை இரட்டிப்பாகும்.

வயரிங்

பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து ஒரு வயர், ஃபியூஸ், பிறகு பட்டன், பிறகு சோலினாய்டு, அங்கிருந்து எர்த். இவ்வளவுதான் சுற்று.

ஃபியூஸ் அளவை கிட்டின் தாளில் பாருங்கள். தாள் தொலைந்திருந்தால் மல்டிமீட்டரால் சுருளின் ஓம்ஸை அளந்து 12ஐ அதனால் வகுத்தால் ஆம்பியர் வரும். 3 ஓம்ஸ் என்றால் 4 ஆம்பியர், 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். ஃபியூஸ் மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தீச்சுவரைத் தாண்டும் இடத்தில் ரப்பர் கிராமெட் (வளையம்) இல்லாமல் வயரை நுழைக்காதீர்கள்.

பட்டன் அழுத்தும்வரை மட்டும் இணைக்கும் வகையாக இருக்க வேண்டும். விரலை எடுத்தால் விட்டுவிட வேண்டும். தட்டினால் அப்படியே நிற்கும் சுவிட்சைத் தனியாக வைத்தால், மறந்துபோய் ஓடும் வண்டியில் முன் பிரேக் பூட்டிக்கொள்ளும் நாள் ஒன்று வரும். அத்தகைய சுவிட்ச் ஒன்றைப் பட்டனுக்கு முன்னால் தொடராகச் சேர்ப்பது வேறு விஷயம், அது நல்ல யோசனைகூட: சாலையில் ஓடும்போது அதை அணைத்து வைத்தால் கை தவறிப் பட்டனில் பட்டாலும் ஒன்றும் நடக்காது. பட்டனைக் கியர் கைப்பிடியிலோ ஸ்டீயரிங்கிலோ, பார்க்காமலே விரல் போகும் இடத்தில் வையுங்கள். ஸ்டீயரிங் சுழலும் என்பதால் அங்கே வைத்தால் சுருள் வயர் தேவை.

ஒரு சிறிய காட்டும் விளக்கைச் சோலினாய்டுக்கு இணையாக மாட்டுங்கள். சுருளின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். பட்டனை விடும்போது சுருள் திருப்பி உதைக்கும் மின்னழுத்தம் பட்டனின் தொடுமுனைகளைக் கருக்குவதை அது தடுக்கும். எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்குங்கள். பிராக்கெட் வழியாகத் தானாகக் கிடைக்கும் என்று விட்டுவிட வேண்டாம்.

காற்றை எடுப்பது

மாஸ்டர் சிலிண்டரை நிரப்பி, பட்டனைத் தொடாமல், உதவிக்கு ஒருவரைப் பெடலில் உட்கார வையுங்கள். அவர் மெல்ல மிதித்துப் பிடிக்க, நீங்கள் முதலில் சோலினாய்டின் உள்வழி நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திக் குமிழி போனதும் இறுக்குங்கள். இறுக்கிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். அடுத்து வெளிவழி நட்டுகள், பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள முன் சக்கரம், கடைசியில் அருகில் உள்ளது. இடையில் ஒன்றிரண்டு முறை பட்டனைத் தட்டி வால்வை டக் டக்கென்று இயக்கினால் அதன் உள்ளே ஒட்டிய குமிழிகள் விடுபடும். பட்டனை அழுத்தியபடி காற்றெடுக்கப் பார்த்தால் மூடிய வழியில் ஆயில் போகாது.

பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்து அடிவரை போகாமல் தடுங்கள். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் தொடாத ஆழத்தில் துருவும் கசடும் இருக்கும். அங்கே போய் உரசினால் வாஷர் கிழியும். அதற்குப் பிறகு மாஸ்டர் சிலிண்டரே புதிது வாங்க வேண்டிவரும். இந்த வேலை முழுதும் ஆயில் அளவை ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை பாருங்கள்.

ஓட்டுமுன் சோதனை

சமதளத்தில் நான்கு சக்கரமும் தரையைவிட்டு எழும்பும்படி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கில் அல்ல. கதவு திறந்த இடமாக இருக்கட்டும், எஞ்சின் ஓட வேண்டியிருக்கும். மிதிக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டர் உள்ள காரில் எஞ்சின் ஓடினால்தான் உண்மையான அழுத்தம் வரும்.

நியூட்ரலில் வைத்துப் பெடலை ஒரு நிமிடம் முழு பலத்தோடு மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு நட்டின் கீழும் வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தம். பிறகு மிதி, பட்டன், பெடலை விடு. முன் சக்கரம் கையால் அசையக் கூடாது. பின் சக்கரம் சுழல வேண்டும். பின்னது பிடித்து முன்னது சுழன்றால் தவறான பைப்பில் மாட்டியிருக்கிறீர்கள். 30 வினாடி கழித்துப் பட்டனை விட்டால் முன் சக்கரங்கள் உடனே, முழுதாக விடுபட வேண்டும். பத்து முறை செய்யுங்கள். பிடிப்பதைவிட விடுவதே இங்கே முக்கியம்: பிடிக்காத லைன் லாக் ஏமாற்றம், விடாத லைன் லாக் விபத்து.

எல்லாம் சரியாக இருந்தால் ஆளில்லாத திடலில் நடை வேகத்தில் தொடங்கி வழக்கமான பிரேக்கைச் சோதியுங்கள். பெடல் முன்பு இருந்த உயரத்திலேயே, அதே இறுக்கத்தில் இருக்க வேண்டும்.

பிடிக்காமல் நழுவினால்

முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்னழுத்தம். பட்டனை அழுத்தியபடியே சோலினாய்டின் முனைகளில் அளந்து பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எர்த்திலோ பட்டனிலோ குறை. முதல் முறை பிடித்து நான்காம் முறை நழுவினால் சுருளின் சூடு காரணமாக இருக்கலாம். செம்புக்கு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் மின்தடை கூடும். 100 டிகிரி சூடேறினால் தடை 40 சதவீதம் உயரும், மின்னோட்டம் ஏறத்தாழ 29 சதவீதம் இறங்கும், காந்த பலமும் அதோடு குறையும். தொட்டால் சூடாக இருப்பது இயல்பு, அரை நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பிடித்து வைக்கும் பழக்கம்தான் தவறு. மின்சாரம் சரியாக இருந்தும் நழுவினால் வால்வு இருக்கையில் அழுக்கு, அல்லது வழி மாற்றிய பைப்.

முன் பிரேக் முழுதாக விடாமல் உரசினால் பட்டன் சிக்கியிருக்கிறதா என்று காட்டும் விளக்கைப் பாருங்கள். விளக்கு அணைந்திருந்தும் உரசினால் சோலினாய்டைக் கழற்றிக் கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம். பெடல் பஞ்சுபோல் இருந்தால் பைப்பின் உயரமான வளைவில் காற்று தங்கியிருக்கும். சக்கரம் பூட்டியிருந்தும் கார் முன்னால் வழுக்குகிறது என்றால் லைன் லாக்கில் குறையில்லை, முன் டயர் நனைந்திருக்கிறது.

திடலில் பயன்படுத்தும்போது

அந்த நனைதலைத் தவிர்க்கவே, பின் டயரை நனைக்கத் திடலில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கும் இடத்தில் முன் டயரை இறக்காமல் சுற்றிப் போய், பின் டயர் மட்டும் ஈரத்தைத் தொடும்படி பின்னோக்கி வந்து நிற்பார்கள். டயரை ஒரு சுற்றுச் சுழற்றி நனைத்துவிட்டு, ஈர விளிம்புக்குச் சற்று முன்னே வந்து நிறுத்தி, அழுத்தமாக மிதித்துப் பட்டனைப் பிடித்துக் காலை எடுங்கள். சில வால்வுகளில் பட்டன் அழுத்தியிருக்கும்போதே மறுபடி மிதித்தால் இன்னும் அழுத்தம் உள்ளே போகும், வெளியே மட்டும் வராது. உங்களுடையது அந்த வகையா என்று ஸ்டாண்டில் இருக்கும்போதே சோதித்துக்கொள்ளுங்கள். மேனுவல் கியரானால் இரண்டாவதில் தொடங்குவது நல்லது: டயர் வேகமாகச் சுழன்றாலும் எஞ்சின் அளவுமீறி ஏறாது. ஐந்து முதல் பத்து வினாடிக்குள் புகை வந்துவிடும். டயர் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே பட்டனை விட்டு, ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று எடுக்காமல் காரை முன்னே உருள விடுங்கள். சுழலும் டயர் திடீரென்று தரையைக் கவ்வினால் அந்த அதிர்ச்சி அச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும்.

முதல் நாள் ஓட்டம் முடிந்து வீடு வந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், தாளால் ஒற்றியும் பாருங்கள். அதன்பின் ஆயில் அளவை மாதம் ஒருமுறை பார்த்து, பந்தயத்துக்கு ஓடும் காரென்றால் ஆயிலை வருடம் ஒருமுறை மாற்றினால் போதும்.